எழுப்பிப் பால் கொடு

மார்ச் 4, இரவு

அக்கா,

இதைக் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கவிழ்த்துப் போட்ட வாளிதான் நாற்காலி. மடியில் கணக்குப் புத்தகம். அம்மா விழித்துக்கொண்டால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிடலாம்.

நீ பஸ் ஏறிய அன்றே அம்மா சொல்லிவிட்டாள். "அவளுக்கு ஒரு வரி எழுதினதா தெரிஞ்சா, உன் படிப்பையும் நிறுத்தி அவ போற அதே தையல் ஃபேக்டரிக்கு அனுப்பிடுவேன்." கத்தியிருந்தால் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். லாண்டரியில் இஸ்திரி போடும் துணிக்குத் தண்ணீர் தெளிப்பது போல அமைதியாகச் சொன்னாள்.

உன்மேல் எனக்குக் கோபம். பெற்ற குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாய். டப்பாப் பால், தலை தட்டின கரண்டி, ஏப்பம், மல்லாக்கப் படுக்கை. பாதி மறந்துவிட்டது. எனக்குப் பரீட்சை விடுமுறை என்பதால் குழந்தையும் என் பாடங்களில் ஒன்று என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டீர்கள்.

ஆனால் நீ கவலைப்படாதே. எறும்பு நன்றாக இருக்கிறான். அம்மா இன்னும் பெயர் வைக்கவில்லை, அதனால் நான் எறும்பு என்று கூப்பிடுகிறேன். முதலில் அலாரம் வைத்து எழுந்தேன். இப்போது தேவையே இல்லை. அவன் அழுவதே கிடையாது. நேற்று ராத்திரி முழுக்கத் தூங்கினான், நானும் தூங்கினேன். அம்மாவே சொன்னாள், "பரவாயில்லையே, நல்ல பிள்ளையா இருக்கான். உங்கக்கா இந்த வயசுல தெருவையே எழுப்புவா." அம்மா ஒருவரைப் பாராட்டி நான் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்கே பெருமையாக இருந்தது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அவன் தொடைத் தோல் அளவு பெரிதான சாக்ஸ் மாதிரி தொளதொளவென்று இருக்கிறது. அது அப்படித்தான் இருக்குமா?

தபால்காரர் மதியம் வருவார், அப்போது அம்மா லாண்டரியில் இருப்பாள். உறைமேல் வேறு யாரையாவது விலாசம் எழுதச் சொல்.

வாலு


மார்ச் 8

வாலு,

இதை முழுக்கப் படிக்காதே. முதலில் போய் அவனை எழுப்பு. பால் கொடு. பிறகு வந்து மீதியைப் படி.

கொடுத்துவிட்டாயா?

நீ எழுதியது என் கைக்கு வர நான்கு நாள் ஆகியிருக்கிறது. நான்கு நாளாக அவன் தூங்கிக்கொண்டே இருக்கிறானா என்று நினைத்து, மதியத்திலிருந்து ஒரு சட்டைக்கும் காஜா நேராக விழவில்லை. அவன் நல்ல பிள்ளை இல்லை, பலமில்லாத பிள்ளை. மாதம் நிறையாமல் பிறந்தவனுக்குப் பசித்தால் அழக்கூடத் தெம்பு இருக்காது. வார்டில் நர்ஸ் என்னிடம் சொன்னாள், "பெரிய குழந்தை பசிச்சா அழும்மா. இது பசிச்சா தூங்கும்."

சுற்றிய துணியைப் பிரி. உள்ளங்காலை விரலால் தட்டு. ஈரத் துணியால் காதுக்குப் பின்னால் துடை. ஸ்பூனைக் கீழ் உதட்டில் வைத்துக் காத்திரு, ஊற்றாதே, அவன் நாக்கு வந்து எடுக்கட்டும். பாதியில் தூங்கிவிடுவான், மறுபடி எழுப்பு. அவனுக்குப் பாவம் பார்க்காதே. முடிந்ததும் உன் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள். உடம்பு குளிர்ந்துவிட்டால் குடிக்கவே மாட்டான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எடை ஏறினால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஒரு நாளில் ஐந்தாறு துணியாவது நனையவில்லை என்றால் பால் போதவில்லை என்று அர்த்தம்.

வாரம் ஒருமுறை முனை மருந்துக்கடைக்குக் கொண்டுபோய் எடை போடு. அங்கே குழந்தைத் தராசு இருக்கிறது. அம்மா வாசலில் நின்று சொன்னது உனக்கு நினைவிருக்கும். "ரெண்டரைக் கிலோ வரட்டும், அப்புறம் பேசிக்கலாம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் பஸ் ஏறினேன். நீ அவள் முதுகுக்குப் பின்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாய். ஒரு வார்த்தை பேசவில்லை. அதையும் மறக்கவில்லை.

என்றைக்கு அவன் தானாக எழுந்து பசிக்கு அழுகிறானோ அன்றிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை. அன்றே எனக்கு எழுது.

அக்கா


மார்ச் 13, இரவு

அக்கா,

மாடிப்படியில் நின்று பிரித்தேன். முதல் வரியிலேயே ஓடிவிட்டேன், உன் கடிதம் படியிலேயே கிடந்தது. நல்லவேளை, மாடிவீட்டுப் பூனையைத் தவிர யாரும் வரவில்லை.

அன்றைக்கு அவன் நாக்கு வரவே இல்லை. அழுதுகொண்டே காதைத் துடைத்தேன். அடுத்த நாள் கொஞ்சம் குடித்தான். இப்போது உள்ளங்காலைத் தட்டினால், தாமதமாக வருகிறவர்களைக் கணக்கு டீச்சர் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்க்கிறான். பிறகு வேண்டாவெறுப்பாகக் குடிக்கிறான்.

அலாரத்தைத் தலையணைக்குள் வைத்தும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "தூங்குற பிள்ளையை எதுக்குப் பிசாசு மாதிரி எழுப்புற?" என்றாள். நர்ஸ் சொன்னார் என்றேன். "எந்த நர்ஸ்?" தடுப்பூசி போட வந்த நர்ஸ் என்றேன். என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து தூங்கப் போகும் முன் ஃபிளாஸ்கில் கொதித்த தண்ணீர் நிரப்பி வைக்கிறாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? எது எனக்கு நல்லது என்றே புரியவில்லை.

இன்று எடை போட்டேன். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். மருந்துக்கடை ஆன்ட்டி கல்லாவை விட்டு எழுந்து வந்து, தட்டு சில்லென்று இருக்கும் என்று உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கி, மேலே தன் துண்டை விரித்தார். "முள்ளைப் பாருங்க, முள்ளைப் பாருங்க," என்று கடைக்காரரைக் கூப்பிட்டார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அது எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. புது டப்பாவுக்குக் காசும் வாங்கவில்லை. "அம்மாகிட்ட பேசிக்கிறோம்," என்றார்.

பேனாவைக் கடித்தது பற்றி எழுதியிருந்தாய். பத்தொன்பது வயதில் உன்னாலேயே அம்மாவை எதிர்த்துப் பேச முடியவில்லை. நான் மட்டும் என்ன பேசியிருக்க வேண்டும்? நான் பின்னால் வந்தேன். தெருமுனை வரை வந்தேன். நீதான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாலு


மார்ச் 17

வாலு,

திரும்பியிருந்தால் போயிருக்க மாட்டேன். அதை விடு.

இரண்டு கிலோவுக்கு மேல் என்று எழுதியதை அறைத்தோழிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ஏதோ தன் பிள்ளை பாஸானது போல எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மெஷினில் உட்கார்ந்தால் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடுகிறது. பாத்ரூமுக்குப் போய் வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு வருகிறேன். அறைத்தோழி வாசலில் காவல் நின்று சத்தமாகப் பாடுவாள். சூப்பர்வைசர் கேட்கிறான், "மறுபடியும் பாத்ரூமா? மெஷினை அங்கேயே போட்டுத் தரட்டா?" எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். இங்கே என் பால் சாக்கடையில் போகிறது, அங்கே நீ டப்பாவைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். இதைச் சொல்லி யாரிடம் அழுவது?

குழந்தையோடு தங்க அறை உண்டா என்று ஹாஸ்டல் வார்டனிடம் கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்றாள்.

மருந்துக்கடையில் ஏன் காசு வாங்கவில்லை? அம்மா யாரிடமும் ஓர் ஊசிகூடச் சும்மா வாங்கமாட்டாளே.

அக்கா


மார்ச் 23, இரவு

அக்கா,

இதைப் படித்துவிட்டு நீ என்னை வெறுப்பாய். ஆனாலும் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மருந்துக்கடைக்காரரும் ஆன்ட்டியும் வீட்டுக்கு வந்தார்கள். அம்மா என்னைச் சமையலறைக்குப் போகச் சொன்னாள். கதவு சாத்தினாலும் நம் வீட்டில் எல்லாம் கேட்கும், உனக்குத் தெரியும்.

ஆன்ட்டி சொன்னார், "நாளைக்கே குடுத்தாலும் எடுத்துக்கிறோம்." கடைக்காரர் சொன்னார், "அவசரப்படாத. ரெண்டரை வரட்டும். அதுக்கு முன்னாடி ஏதாவது ஆச்சுன்னா நம்மால தாங்க முடியாது." அம்மா சொன்னாள், "பெரியவகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவளுக்கும் வாழ்க்கை இருக்குல்ல."

உனக்கும் இரண்டரை, அவர்களுக்கும் இரண்டரை. நான் ஊட்டுகிற ஒவ்வொரு ஸ்பூனும் அவனை அந்த வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. உனக்கு எழுதினால் நீ அம்மாவிடம் கேட்பாய், யார் எழுதினது என்று அம்மா என்னைக் கேட்பாள். பயமாக இருந்தது. அதனால் எழுதவில்லை. எடை ஏறாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். ஒரு வேளை, இரண்டு வேளை எழுப்பாமல் விட்டால் முள் அப்படியே நிற்கும் என்று நினைத்தேன். அலாரத்தை நிறுத்தினேன். தூக்கம் வரவில்லை, விழித்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விடியும்போது போதும் என்று எழுப்பினேன். காலைத் தட்டினேன். காதைத் துடைத்தேன். ஒற்றைக் கண்கூடத் திறக்கவில்லை. கை துணி மாதிரி தொங்கியது. குளிர்ந்திருந்தான். அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை, அம்மாவின் காலைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா ஓடி நான் பார்த்ததே இல்லை. அவனை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரி வரை ஓடினாள். மூக்கில் குழாய் போட்டார்கள். டாக்டர் அம்மாவைத்தான் திட்டினார். "குழந்தைக்குப் பால் குடுத்தீங்களா இல்லையா?" அம்மா வெறுங்காலோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் குழாயை எடுத்தார்கள், குடித்தான். இப்போது என் சட்டைக்குள்தான் இருக்கிறான், மூச்சு என் கழுத்தில் படுகிறது.

வரும்போது அம்மா கேட்டாள், "தூங்கிட்டியா?" ஆமாம் என்றேன். "சின்னப் பிள்ளைதானே நீயும்," என்றாள். அவள் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வா அக்கா. வந்து எடுத்துக்கொண்டு போ.

வாலு


மார்ச் 27

உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

அவனுக்குப் பால் கொடு. யார் வீட்டுக்குப் போனாலும் சரி, பால் கொடு. செத்துப்போய் நம் வீட்டிலேயே இருப்பதற்கா பெற்றேன்?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன், உன் பெயர் வராது. அவன் துணிகளை எடுத்து வை.


ஏப்ரல் 3, இரவு

அக்கா,

எடுத்து வைத்தேன். மடித்த துணிகள், டப்பா, ஸ்பூன், ஃபிளாஸ்க், எல்லாவற்றையும் உன் பழைய காலேஜ் பையில் வைத்தேன். நீ வரும் நேரம் பார்த்துப் பால் கொடுத்து, விழிக்க வைத்து, ஜன்னலில் நின்றேன்.

நீ தெருவின் எதிர்ப்பக்கம் நின்றாய். ஃபேக்டரி சட்டை போட்டிருந்தாய். அவனைத் தூக்கிக் காட்டினேன், நீ பார்த்தாய். பார்க்கவில்லை என்று மட்டும் எழுதாதே. அப்புறம் லாண்டரியிலிருந்து அம்மா வந்தாள். இரண்டு பேரும் சலவை வண்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, அவனுக்கு அடுத்த பால் நேரமே வந்துவிட்டது. நீ முகத்தைத் துடைத்தாய். அம்மா உன் காலரைச் சரி செய்தாள். யார் அழுதாலும் அவள் கண்ணுக்குச் சுருக்கம்தான் முதலில் தெரியும்.

மாடியேறி வருவாய் என்று கதவைத் திறந்து வைத்தேன். பஸ் சத்தம்தான் வந்தது.

அம்மா வந்து பையைப் பார்த்தாள். ஒவ்வொரு துணியாக வெளியே எடுத்து, நான் சரியாக மடிக்கவில்லை என்று திரும்ப மடித்து, அலமாரியில் வைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

நேற்று எடை போட்டோம். இரண்டரைக்கு ஒரு கோடுதான் பாக்கி. ஆன்ட்டி அழுதுவிட்டார்.

அம்மாவாவது செய்யப் போவதை மறைத்துத்தான் செய்தாள். நீ வருகிறேன் என்று எழுதிவிட்டுச் செய்தாய். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அலாரம் வைத்து எழுந்தவள் நான்.


ஏப்ரல் 8

வாலு,

நன்றாகத் திட்டு. உனக்கு அந்த உரிமை இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது அம்மாவிடம் என்னென்ன பேச வேண்டும் என்று எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். அவள் கத்துவாள், நான் அதைவிடக் கத்த வேண்டும் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "ராத்திரி ஷிப்ட்ல யாரு எழுப்பிப் பால் குடுப்பா?"

அவ்வளவுதான். வார்டன் முடியாது என்றுவிட்டாள். சித்தி, தன் மாமியார் இருக்கும் வரை அந்தப் பேச்சே எடுக்காதே என்றாள். இவனுக்கு அப்பனான அந்த டிரைவர் தங்கியிருந்த வீட்டுக்கும் ஒரு நாள் போனேன், ஜன்னலில் வேறு யாருடைய துணியோ காய்ந்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். உன் கடிதங்களும் அவளுக்குத் தெரியும். எழுதட்டும் என்று விட்டுவைத்திருக்கிறாள்.

மாடியேறி வந்திருந்தால் தூக்கியிருப்பேன். தூக்கியிருந்தால் இறக்கியிருக்க மாட்டேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் என் மடியில் அவன் பட்டினியாகத் தூங்கியிருப்பான். நானும் நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எனக்குப் பால் நின்றுவிட்டது. இப்போது மெஷினை விட்டு எழுவதே இல்லை. சூப்பர்வைசருக்கு என்மேல் ரொம்ப மரியாதை.

ஒன்று மட்டும் செய். அந்த மருந்துக்கடை அம்மாள் பிள்ளை பெறாதவள், அவன் அழவில்லை என்றால் நம்மைப் போலவே ஏமாந்துவிடுவாள். எழுப்புகிறாளா என்று பார். தெரியவில்லை என்றால் சொல்லிக்கொடு. துரத்தினால் மறுபடி போ.

அக்கா


ஏப்ரல் 19, இரவு

அக்கா,

அவனைக் கொண்டுபோய் ஒன்பது நாள் ஆகிறது. நீலப் போர்வை, புதுத் தொப்பி. ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர்தான். நான் எழுதமாட்டேன்.

கொண்டுபோகும் வரை அவன் ஒரு தடவைகூடத் தானாக எழுந்து அழவில்லை. கடைசி நாளும் உள்ளங்காலைத் தட்டித்தான் எழுப்பினேன்.

அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் தலைவலி மாத்திரை வாங்குவது போலப் போனேன். ஆன்ட்டி யாரோ ஒரு பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "தங்கமான பிள்ளை. வாயே திறக்கமாட்டான். படுக்க வெச்சா அப்படியே தூங்குவான்."

"ஆன்ட்டி, அவன் பசிச்சா அழமாட்டான். தூங்குவான். நீங்கதான் எழுப்பணும்," என்றேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு சொல்லி அனுப்புனா? அவங்களா?" அவங்க என்றால் நீ. யாரும் இல்லை என்றேன். ஆன்ட்டி சொன்னார், "நாங்க டாக்டர்கிட்ட காட்டுறோம் பாப்பா. நீ பரீட்சைக்குப் படி." நான் போகவில்லை. உள்ளங்கால், காது, கீழ் உதடு, நாக்கு, பாதியில் தூங்கினால் மறுபடி என்று நீ எழுதியதை அப்படியே ஒப்பித்தேன். கடையில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் போலப் பார்த்தார்கள். கடைக்காரர் என் தோளைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். மெதுவாகத்தான் விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். கல்லா மேசையில் ஒரு அலாரக் கடிகாரம் இருந்தது. அது அடித்ததும் மருந்துச் சீட்டோடு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு ஆன்ட்டி மாடிக்கு ஓடினார். நான் அவரை வெறுக்க ஆரம்பித்திருந்தேன். அதையும் செய்ய விடவில்லை.

இன்று கணக்குப் பரீட்சை. சூத்திரங்களை முணுமுணுத்துக்கொண்டே மருந்துக்கடையைத் தாண்டினேன். மேலே ஒரு குழந்தை அழுதது. யார் வீட்டுக் குழந்தை இப்படிக் கத்துகிறது, எடுக்க ஆள் இல்லையா என்று நினைத்துக்கொண்டு பத்தடி நடந்துவிட்டேன். பிறகுதான் நின்றேன். அவன் அழுகை எனக்குத் தெரியவில்லை அக்கா. கேட்டிருந்தால்தானே தெரியும்.

அலாரம் அடிக்கவில்லை. கடைக்குள் நின்ற ஆன்ட்டி நிமிர்ந்து மாடியைப் பார்த்து, "வந்துட்டேன், வந்துட்டேன், இதோ வந்துட்டேன்," என்று ஓடினார். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

அன்றே எழுதச் சொன்னாயே, எழுதிவிட்டேன். இனி அவனை யாரும் எழுப்ப வேண்டியதில்லை.

வாலு